ஏழு வரியும் ஒரு லாரி மாம்பழமும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பென்னாகரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டப் பழகி, பிறகு வீட்டு ஒயரிங், ரைஸ் மில், ஃபேக்டரி என்று ஏறி வந்தேன். யாரும் கைதூக்கி விடவில்லை. இன்று தர்மபுரியில் எனக்குச் சொந்தக் கடை. கம்ப்யூட்டருக்கு நெட்ஒர்க் போடுகிற பதினொரு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள், அதில் நாலு பேர் இன்ஜினியர். (பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்கென்றால் ஒரு பத்தி போதாது.)

இப்படித் தானாக வளர்ந்த ஆளுக்கு ஒரு வியாதி வரும். ‘தெரியாது’ என்ற சொல் வாயில் வராது. எனக்கு அது முற்றியது எண்பதுகளின் கடைசியில், கிருஷ்ணகிரி ரோட்டில் இருந்த ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில்.

அந்த ஃபேக்டரிக்குப் பெங்களூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. இப்போது மாதிரி ஆளுக்கொன்று கிடையாது. பீரோ கணக்கில் ஒரே பெட்டி, ஏ.சி. அறையில். அதிலிருந்து கேட், எடைமேடை, ஸ்டோர், ஆபீஸ் என்று ஏழு இடத்துக்கு ஒயர். ஒயர் முனையில் ஒரு திரையும் கீபோர்டும். பழ லாரி வந்தால் எடைமேடையில் தட்டுவார்கள், சீட்டு அச்சாகி வரும். சீட்டு இருந்தால்தான் வண்டி உள்ளே போகும். ஏழு ஒயரும் நான் இழுத்தது.

எந்த ஒயரில் எந்தத் திரை என்று பெட்டிக்குள் ஒரு பட்டியல் இருந்தது. திரைக்கு ஒரு வரி. பெங்களூர் இன்ஜினியர் சுமா அதை மேனேஜருக்கு விளக்கியபோது நான் ஸ்டூல்மேல் நின்று கிளிப் அடித்துக்கொண்டிருந்தேன்.

“இதைப் போடு, அதைக் கழட்டுன்னு மிஷினுக்குச் சொல்ல வேணாம் சார். கடைசியில எப்படி இருக்கணுமோ அதை எழுதிட்டு, திரும்பப் படின்னு சொல்லுங்க. அதுவே பார்த்து அப்படி ஆக்கிக்கும்” என்றார்.

இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம், பழ சீசன். பழத்தைச் சோதிக்கிற லேப் அறைக்கும் ஒரு திரை வேண்டும் என்றார்கள். ஒயர் இழுத்து முடித்தேன். பட்டியலில் சேர்க்க வேண்டியது பாக்கி.

“அந்தம்மா வர ரெண்டு நாளாகும்” என்றார் மேனேஜர்.

“அதுக்கு எதுக்குங்க சார் அந்தம்மா? நானே சேர்த்துடறேன்.”

“உனக்குத் தெரியுமாப்பா?”

“என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க.”

இந்த அவசரத்துக்குக் காரணம் கேட்டில் நின்றது. என் மாமனார், கம்பைநல்லூர் தோட்டத்திலிருந்து முதல்முறையாக ஒரு லாரி பெங்களூரா ரக மாம்பழத்தோடு வந்திருந்தார். மண்டிக்குப் போட்டுக்கொண்டிருந்த மனுசனை நான்தான் பேசி ஃபேக்டரிக்கு இழுத்தேன். அவருடைய மூத்த மருமகன் வாத்தியார். எங்கே போனாலும் வாத்தியார் புராணம்தான். ஒயர்க்கார மருமகன் யாரென்று அன்று அவர் பார்க்க வேண்டும் என்பது என் திட்டம். பழம் எல்லாம் பழுத்த பழம். அன்றைக்கே உள்ளே போக வேண்டியது.

ரகசியச் சொல்லை மேனேஜர் காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருந்தார். பட்டியலைத் திறந்தேன். ஏழு வரி. அதைப் பார்த்து எட்டாவதாக ஒன்று எழுதியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் நான் ஆள் வைத்து வேலை வாங்கிப் பழகியவன். கொத்தனாரிடம் இன்றைக்கு இந்தச் சுவரை எழுப்பு என்போம். நேற்று எழுப்பிய சுவர் அப்படியே நிற்கட்டும் என்று தினமும் சொல்வோமா? ஓடுகிற ஏழு திரையைப் பற்றி மறுபடி சொன்னால் மிஷின் குழம்பிவிடும் என்று ஏழு வரியையும் அழித்தேன். லேப் வரியை மட்டும் சுத்தமாக எழுதி, திரும்பப் படிக்கச் சொன்னேன்.

ஓடிப்போய் லேப்பில் பார்த்தால் திரை உயிரோடு இருக்கிறது. அங்கேயே டீ வரவழைத்துக் குடித்தேன்.

டீ பாதியில் மேனேஜர் வந்தார். மற்ற ஏழு திரையும் செத்துவிட்டன. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்ததும் சேர்த்து.

“எலி கடிச்சிருக்கும் சார்” என்றேன்.

“ஏழு ஒயரையும் ஒரே நேரத்துலயா?”

“பழ வாசனைக்குக் கூட்டமா வரும் சார்.”

ஒயர்க்காரனுக்கு உலகத்தில் எது கெட்டாலும் ஒயர்தான் கெட்டிருக்கும். முதலில் எடைமேடை ஒயரைப் பிடுங்கிச் சோதித்தேன். நன்றாக இருந்தது. (அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.) அடுத்ததைப் பிடுங்கினேன்.

மதியத்துக்குள் லாரி வரிசை ரோட்டைத் தொட்டது. மேனேஜர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எடைமேடையில் உட்கார்ந்து கையாலேயே சீட்டு எழுத ஆரம்பித்தார். வண்டிகள் நகர்ந்தன. மாமனாரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம்.

“கைச்சீட்டு வேண்டாங்க மாமா. பத்து நிமிசத்துல கம்ப்யூட்டர் சீட்டு வந்துடும். உங்க வண்டிக்குத்தான் முத சீட்டு.”

“நெசமாங்களா மாப்ளே? பழம் தாங்காதுங்க.”

“நான் இழுத்த ஒயருங்க மாமா.”

லாரி டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “எந்த ஊரு பத்து நிமிசமுங்க அது?” என்று கேட்டார். நான் அடுத்த ஒயரைப் பிடுங்கப் போனேன். மாமனார் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். பின்னால் நின்ற வண்டியெல்லாம் அவரைத் தாண்டி உள்ளே போனது.

கேட் சாத்தும்போது ஏழு ஒயரும் தரையில் வைக்கோல் போராகக் கிடந்தன. எலிப்பல் ஒன்றுகூட எதிலும் பட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை சுமா வந்து இறங்கினார். மேனேஜர் எனக்குத் தெரியாமல் ட்ரங்க் கால் போட்டிருக்கிறார். ஒயர்ப் போரைப் பார்த்து, “ஏனாய்த்து அண்ணா?” என்று கன்னடத்தில் கேட்டார். என்ன ஆச்சு என்று அர்த்தம். எலி விவரத்தைச் சொன்னேன்.

“எந்தத் திரையாவது ஓடுதா?”

“லேப்ல ஓடுதுங்க.”

நேராக லேப்புக்குப் போனார். அந்தத் திரையிலேயே பட்டியலைத் திறந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏழு வரியையும் எழுதித் திரும்பப் படிக்கச் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“அண்ணா, வீட்டுல புள்ள பொறந்தா ரேஷன் கார்டுல புள்ள பேரை மட்டும் வெச்சிட்டு மத்த எல்லாரையும் அடிச்சிடுவீங்களா?”

“எப்படிங்க அடிப்பேன்? அரிசி வராதே.”

“அதான் வரலை.”

அவர் வேலை முடிந்தது. நான் பிடுங்கிய ஏழு ஒயரையும் திரும்ப இழுத்துக் கட்ட எனக்குச் சாயங்காலம் ஆனது. முதல் சீட்டு, சொன்னபடி, மாமனார் வண்டிக்கு. நான் வாக்குத் தவறாதவன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் லேப்பைத் தாண்ட வேண்டியிருந்தது. லேப்காரர் கூடையில் விரலை விட்டார். விரல் நேராக உள்ளே போனது. மோந்து பார்த்துவிட்டு, நான் அரும்பாடுபட்டுப் போட்ட அந்தப் புதுத் திரையில் தட்டினார். அந்தத் திரை கொடுத்த முதல் தீர்ப்பு: எடுப்பதற்கில்லை.

மாமனார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

“வண்டிய உங்க வூட்டுக்கே வுடச் சொல்லுங்க மாப்ளே” என்றார்.

ஒரு லாரிப் பழம் எங்கள் வாசலில் இறங்கியது. தெருவே தின்றது. மாடுகள் தின்று, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டன. வாத்தியார் சகலை குடும்பத்தோடு வந்து மூன்று நாள் தங்கித் தின்றார். மிச்சத்தைக் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தோம். மழைக்கு அதில் நாற்பது கன்று கிளம்பியது. என் மனைவி ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். எத்தனை முறை சொல்லியும் வெட்ட விடவில்லை.

அது இப்போது ஓட்டுக்கு மேலே போய்விட்டது. வருஷம் தவறாமல் காய்க்கிறது. எங்கள் வீட்டில் அதற்குக் கம்ப்யூட்டர் மரம் என்று பேர். முதல் கூடையை மாமனாருக்கு அனுப்புவேன். அவர் இருந்தவரை பழத்தைத் தொடுவதற்கு முன் கூடைமேல் தேடுவார்.

“சீட்டு வருதுங்களா மாப்ளே, இல்ல ஓரமா நிக்கட்டுங்களா?”

இப்போது கூடை சகலைக்குப் போகிறது. அதே கேள்வியை அவர் கேட்கிறார். கடையில் ஒன்றுக்கு மூன்று பிரிண்டர் இருக்கிறது. சீட்டை அச்சடித்து, கையெழுத்தும் போட்டுத்தான் அனுப்புகிறேன்.