வான்பாயாத குளமும் வாகைசூடிய கணினியும்

வாழி தனஞ்சயன்! மண்டபம் அகதி முகாமில் ஆறு மாதக் கணினிப் பயிற்சி முடித்து, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையோடு கடல் கடத்தி வந்தோன். கொடையாளர் பெயர் ஒட்டியதில் திரையின் கால்பங்கு மறைந்துபோன கணினியை அடம்பன் ஊர்க் கமக்காரர் கந்தோரில், உழவர்தம் அலுவலகத்தில், இருத்தி அரசோச்சுவோன். மூன்று மைல்கட்டைக்கு அப்பாலுள்ள குளத்தின் நீர்மட்டத்தை, செருப்புக்கூட நனையாமல், நொடிக்கு நொடி அறிவோன்! அவன் புகழ் பாடப் புகுந்தோம். கதிரைகளை இழுத்துப்போட்டு அமருங்கள்.

குளத்தில் நட்ட இரும்புக் குழாயினுள், கம்பியில் தொங்கும் ஒரு மிதவை. அது எழும்பினாலும் இறங்கினாலும் வானலை வழியே சேதி பறந்து வந்து, திரையில் நீலக்கோடாய் நெளியும். இம்மாயத்துக்கு எதிரே நின்ற படை ஒன்றே: பாலசிங்கத்தின் சைக்கிள். காலையும் மாலையும் குளத்துக்கு மிதித்துப்போய், அளவுகோலைக் கண்ணால் பார்த்துக் கொப்பியில் எழுதும் அப்பெருமகனின் தொழில் நிலைக்குமா, தனஞ்சயனின் தொழில் நிலைக்குமா என்று தீர்ப்புரைக்க, மன்னாரிலிருந்து பொறியியலாளர் வந்து திரைமுன் அமர்ந்தார்.

அமர்ந்த கணமே, நான்கடியில் கிடந்த நீலக்கோடு சீறிப் பதினோரடிக்குப் பாய்ந்தது. குளக்கட்டே ஒன்பதடிதான். வெளியே ஆடி வெயில் கூரைத் தகரத்தைப் பொரித்துக்கொண்டிருந்தது.

கதிரை கவிழ எழுந்து முழங்கினான் வீரன்: “குளம் நிரம்பி வழிஞ்சு வான் பாயப்போகுது, சார்! கட்டுக்குக் கீழ இருக்கிற சனத்தை எழுப்புங்கோ!”

கந்தோரில் தேநீர் ஊற்றும் கனகம்மா கோப்பையோடு வந்து திகைத்தாள். “அப்ப நான் முத்தத்தில காயப்போட்ட மிளகாயை அள்ளட்டோ?”

“விடியப் பார்த்தனான், நாலடி ரெண்டங்குலம்,” என்றார் பாலசிங்கம், கொப்பியைத் தட்டி. “தம்பியின்ர பெட்டிக்குள்ளதான் மழை பெய்திருக்கு.”

சொல்லம்பு நெஞ்சில் தைக்க, நேரிலேயே கண்டு வெல்வேன் என வஞ்சினம் கூறிப் புறப்பட்டான். கந்தோர் மோட்டார்சைக்கிளில் பெற்றோல் இல்லாமையால், பகைவனின் சைக்கிள் கரியரே அவனுக்குத் தேராயிற்று.

குளத்தில் நின்றது எதிரி. கருமுகிலொன்று நாற்காலூன்றிச் சேற்றில் இறங்கினாற்போல் திரண்ட மேனியும், இரு பிறைகள் பிணங்கித் திரும்பினாற்போல் வளைந்த கொம்புகளும் கொண்டு, சோளகக் காற்றும் அசைக்கவொண்ணாத எருமையொன்று, மிதவைக் கம்பியில் கழுத்தை வைத்து ஆற அமரத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் மிதவை எம்பிக் குதித்தது. வலச்செருப்பை வீசினான்; சேறு விழுங்கிற்று. இடச்செருப்பை வீசினான், எருமை அதை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபக்கக் கழுத்தைத் தேய்த்தது.

இப்பெரும்போர் முழுவதும், ஓரடி பிசகாமல், கந்தோர்த் திரையில் நீலக்கோடாய் ஓடிக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசி அலறியது; கந்தோரிலிருந்து கனகம்மா.

“தம்பி, பதின்மூண்டடி! என்ன செய்யிறீங்கள் அங்க?”

“எருமை அக்கா, எருமை! செருப்பால எறியிறன்!”

“எறியாதேங்கோ! எறிய எறிய ஏறுது எண்டு எஞ்சினியர் ஐயா சொல்றார்!”

அதுவரை சைக்கிளைப் பிடித்தபடி நின்ற பாலசிங்கம் தொண்டையைச் செருமினார். “கறுப்பி, தேய்ச்சது காணுமடி. வெளிக்கிடு.”

இரண்டு செருப்புக்கும் அசையாத அம்மலை, பசுங்கன்றுபோல் தலையாட்டி அவர் பின்னே கரையேறிற்று. அது யார் வீட்டு எருமை என்று அதற்குமேல் எவரும் கேட்கவில்லை.

இருவரும் கந்தோர் திரும்பியபோது நீலக்கோடு தணிந்து நின்ற இடம்: நாலடி இரண்டங்குலம். கொப்பியையும் திரையையும் மாறிமாறிப் பார்த்த பொறியியலாளர், அவை அதிரத் தீர்ப்புரைத்தார்: “ரெண்டும் ஒத்துப்போகுது. கணினி இருக்கட்டும், தனஞ்சயனும் இருக்கட்டும். எருமையைக் கலைக்க மட்டும் ஒரு ஆள் வேணும்.”

மிதிதேர் தோற்றது, வானலை வென்றது, மூன்று கட்டைத் தூரம் முறிந்து வீழ்ந்தது, மனிதக் கால்களுக்கு இனிக் குளக்கரையில் வேலையில்லை என்று எண்திசையும் அறையுங்கள் முரசங்காள்!

பாலசிங்கம் காலையும் மாலையும் சைக்கிளில் குளத்துக்குப் போய், எருமையைக் கலைத்துவிட்டு, அளவையும் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறார்.