வீட்டை மைதானமாக்கியவர்

முக்கூறார் என்றொரு இனம் உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் மூன்றாகப் பிரிக்காவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது. இந்த இனத்தை ஆராய நான் வெகுதூரம் போகவில்லை. முகம் மழிக்கிற கண்ணாடியே போதுமாயிருந்தது.

நம் முக்கூறாருக்கு ரேடார் படங்களைப் பிரிக்கும் உத்தியோகம். செயற்கைக்கோள் அனுப்பும் அலை வெறும் தரையில் ஒரு தடவை பட்டுத் திரும்பினால் நீலம், தரையிலும் சுவரிலுமாக இரண்டு தடவை முட்டித் திரும்பினால் சிவப்பு, இலை தழைக்குள் புகுந்து திக்குத் தெரியாமல் திரும்பினால் பச்சை. அனுப்பும் அலை கேள்வி, திரும்பும் அலை பதில் என்றால், முழு ரேடார் இரண்டு விதமாகக் கேள்வி கேட்டு நாலு பதில் வாங்கும். இவருடையது சிக்கன ரேடார்: ஒரே கேள்வி, இரண்டே பதில். பாதி விவரம்தான். அதனாலென்ன? பாதி கேட்டுவிட்டு முழுத் தீர்ப்பு எழுதுவது கல்யாணமான நாளிலிருந்து இவருக்குக் கைவந்த கலை அல்லவா?

மனைவி வாயைத் திறந்தால் போதும். நேராக இவர் மேல் பட்டது இவ்வளவு, இவருடைய அம்மா மேல் பட்டு இவர் பக்கம் திரும்பியது இவ்வளவு, மிச்சமெல்லாம் பொதுப் புலம்பல் என்று மனதுக்குள் வண்ணம் பூசி முடித்துவிடுவார். பச்சைதான் எப்போதும் அதிகம்.

அன்று ஊரெல்லாம் வெள்ளம். தண்ணீரில் நிற்கும் வீடுகள் இவர் படத்தில் பளிச்சென்று சிவக்கும். சிவந்த இடத்துக்குப் படகு போகும். பதினொரு மணிக்குப் படத்தை அனுப்பியாக வேண்டும். பத்தரைக்கு மனைவியின் போன்.

"என்னங்க, வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. அத்தையால மாடி ஏற முடியல. படகு அனுப்பச் சொல்லுங்க."

திரையில் அவர்கள் தெரு முழுக்க நீலம்.

"பதறாத. படத்துல நம்ம தெரு வெறும் மைதானம். அங்க வீடே இல்ல."

"அப்ப நான் எங்கேருந்து பேசறேன்?"

நியாயமான கேள்விதான். கேட்டது மனைவி என்பதால் பச்சையில் சேர்த்துவிட்டார்.

அடுத்த நிமிடம் ஒரு புகைப்படம் வந்தது. சாப்பாட்டு மேசை மேல் அம்மா. சுற்றிலும் செருப்புகள் மிதந்தன. அதை மட்டும் அவரால் மூன்றாகப் பிரிக்க முடியவில்லை.

படத்துக்கு வண்ணம் பூசும் கணினி நிரலைத் திறந்து வரிவரியாகத் தேடினார். திரும்பி வரும் அலை இடப்பக்கம் சுழல்கிறதா, வலப்பக்கம் சுழல்கிறதா என்று பார்த்து, பட்டது தரையா சுவரா என்று முடிவு செய்யும் வரியில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. விட்டவர் யார்? சாட்சாத் இவரேதான். வீடெல்லாம் மைதானம், மைதானமெல்லாம் வீடு! குறியைப் போட்டதும் தெருத் தெருவாகச் சிவந்தது. படத்தை அனுப்பியபோது பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் பாக்கி. படகுகள் காலி மைதானத்துக்குப் போகாமல் தெருவுக்குப் போயின.

சாயங்காலம், நிவாரண முகாம் நடந்த பள்ளிக்கூட வகுப்பறையில் இருவரையும் கண்டதும் அழுதேவிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இந்தத் தப்புக்கு மூணு காரணம்..." என்று ஆரம்பித்தார்.

அம்மாதான் குறுக்கிட்டாள்: "ஒண்ணு போதும்டா. அவ சொன்னத நீ காதுல வாங்கல."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து அடுத்த அறையில் யாரோ உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதை எந்த வண்ணத்தில் போட்டீர்கள்?