தொண்டையால் ஆடுபவர்

பந்தைத் தொடாமலேயே ஆட்டத்தை ஜெயிக்கிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. அதில் முதல் வரிசைக்காரர் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து கோச். பார்த்திருப்பீர்கள்: கழுத்தில் விசில், ஓயாமல் துடைக்கப்படும் நெற்றி, ஓரக்கோட்டை ஒட்டி இப்படியும் அப்படியுமாக ஒரு நடை, "பாஸ் பண்ணு! பாஸ் பண்ணு! ஏன் பாஸ் பண்ணின?" என்று ஒரே மூச்சில் முழு உபதேசம். பந்து கூடையில் விழுந்தால், "நான் சொன்னேன்ல!" விழாவிட்டால், "நான் சொன்னேனே, கேட்டாளா?"

நம் கோச் லேசுப்பட்டவர் அல்ல. அவர் வாங்கிக் குவித்த கோப்பைகளுக்கு இடம் போதாமல், பிரின்சிபால் அறையில் ஒன்றில் குடைகளைச் செருகி வைத்திருக்கிறார்கள். வீட்டிலும் அவர் கோச்தான். மாமியார் மாடிப்படி ஏறினால், "கீழே பார்க்காதீங்க அத்தை, பார்வை நிமிர்ந்து இருக்கணும்!" என்பார். அத்தை ஒரு நாள் அப்படியே நிமிர்ந்து ஏறி, தடுக்கி விழுந்தார். "சொன்னதை முழுசாக் கேட்கல" என்று தீர்ப்பாயிற்று.

அப்படிப்பட்டவருக்கு இறுதிப் போட்டியன்று காலையில் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் பொண்ணுங்களை நிம்மதியா ஆட விடுங்களேன்," என்றாள் மனைவி, வெந்நீரை நீட்டியபடி.

முறைத்தார். முறைப்பதற்குக் குரல் எதற்கு?

ஆட்டம் தொடங்கியது. பெஞ்சில் இருந்தவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தோற்றால் கோப்பைதானே போகும், அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். ஜெயித்துத் தொலைத்தால்? இத்தனை வருடம் கத்தியது எதற்கு என்று எவனாவது கேட்டுவிட்டால்? பாவம், வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் அணி பந்தைக் கோட்டைவிடாதா என்று ஏங்கினார். பெண்களோ விடுவதாக இல்லை. ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டார்கள், சிரித்துக்கொண்டார்கள், அலட்டிக்கொள்ளாமல் ஜெயித்தும் விட்டார்கள்.

கேப்டன் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சார், நாங்க பேசிக்கிறது எங்களுக்கே இன்னிக்குத்தான் சார் காதுல விழுந்துச்சு!"

நல்ல மனசோடுதான் சொன்னாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

மறு வாரம் பாராட்டு விழா. குரலும் திரும்பியிருந்தது. "அன்னிக்கு நான் வாயே திறக்கலையே, அது திட்டம் போட்டுச் செஞ்சது!" என்று மைக்கைப் பிடித்தவர், பேசாமல் இருப்பதன் மகிமையை, அரங்கக் காவலாளி விளக்குகளை அணைக்கத் தொடங்கும் வரை விளக்கினார். கைதட்டல் பலம். முடிந்துவிட்டதே என்ற மகிழ்ச்சி அதில் பாதி.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன தடவை டிவியில் மேட்ச் பார்த்தபோது, "யாரும் இடம் மாறாதீங்க, இப்படி உக்கார்ந்ததுல இருந்துதான் நம்ம டீம் நல்லா ஆடுது" என்று வீட்டையே மிரட்டி, அவசரமாகப் பாத்ரூமுக்கு எழுந்த மாமனாரையும் நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தது யார்? கோச் அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் விசாரித்துவிட்டேன்.