மிச்சமிருந்த ஒரு ஃபிலிம்

1993 ஐப்பசியில் ஒரு நாள் காலை, ஓர் ஆஸ்பத்திரியின் அவசரச் சிகிச்சை அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் டாக்டர் கலீல் ரஹ்மான். எதிரே ஸ்டூலில், வலது தோளைப் பிடித்தபடி மில் தொழிலாளி கோவிந்தராஜுலு. சுவரோரப் பெஞ்சில், முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டு அவர் மனைவி மயிலாத்தாள். கதவருகே முக்காலியில் ஆயா பாவாத்தாள்.

பீளமேட்டில் நாய் குறுக்கே வந்து, கணவனும் மனைவியும் மொபெட்டோடு விழுந்திருந்தார்கள். கோவிந்தராஜுலு அந்த மாதத்தில் ஷிஃப்டைத் தவறவிட்டது இது மூன்றாவது தடவை. "எக்ஸ்ரே படத்தோட வா. இல்லாட்டி வராதே" என்று மில் லேபர் ஆபீசர் லட்சுமிநாராயணன் போனில் சொல்லிவிட்டார்.

"கையத் தூக்குங்க."

கோவிந்தராஜுலு இடுப்போடு நிறுத்தினார். "அவ்வளவுதானுங்க."

டாக்டர் எலும்பை இடம் இடமாக அழுத்தினார். "இங்க வலிக்குதா?"

"வலிக்குதுங்க."

"இங்க?"

கோவிந்தராஜுலு இறுக மூடிய கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தார். "அங்கதானுங்க உசுரே போகுது."

"நான் தட்டுனது மேசைய."

பாவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"விழுந்தவங்களுக்குக் கை மேல போகலைன்னா, எலும்பத் தொட்டா வலிச்சா, வீக்கமோ மேடோ இருந்தா, படம் எடுக்கணும். உங்களுக்கு அப்படி எதுவும் தெரியல. ஃபிலிமும் இன்னிக்கு ஒண்ணுதான் மிச்சம்."

"கழுத்துல இருந்து இழுக்குதுங்க."

கழுத்தில் பட்டை ஏறியது. எக்ஸ்ரேக்கு டாக்டர் எழுதவில்லை.

"நெஞ்சும் அடைக்குதுங்க."

சட்டையைக் கழற்றி, மார்பில் ஒயர்களை ஒட்டி, ஈசிஜி எடுத்தார்கள். "இதயம் நல்லாத்தான் ஓடுது. சந்தேகம்னா ஒரு வாரம் படுக்க வெச்சுப் பாத்துரலாம்."

"நெஞ்சு இப்பச் சரியாப் போச்சுங்க."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு லட்சுமிநாராயணனே உள்ளே வந்தார். கோவிந்தராஜுலு துள்ளி எழுந்து, இரு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார். "கும்பிடறனுங்க சார்."

கைகள் மேலேயே நின்றன.

மயிலாத்தாளும் எழுந்தாள். வலது கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

"ஏம்புள்ள, ஆபீசருக்கு ஒத்தக் கையிலயா கும்புடறது?" என்று கோவிந்தராஜுலு சீறினார், இன்னும் கையை இறக்காமல்.

"எனக்கு இந்தக் கும்பிடே போதும்" என்றார் லட்சுமிநாராயணன். "தோளுல ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துருங்க டாக்டர். நாளையில இருந்து இவன் வரவேண்டாம்."

டாக்டர் எழுதி உறையிலிட்டு, "ஒட்டுங்கம்மா" என்று மயிலாத்தாளிடம் நீட்டினார். அவள் உறையைப் பல்லில் கவ்விக்கொண்டு, வலது கையால் பசை தடவினாள்.

"சாருங்க," என்றாள் பாவாத்தாள், "அந்தம்மா வந்ததுல இருந்து எடது கையத் தூக்கவே இல்லீங்க. நீங்க சொன்ன கணக்குக்கு, ஃபிலிம் அவங்களுக்குத்தானுங்க."

டாக்டர் முந்தானையை விலக்கிப் பார்த்தார். கழுத்துக்கும் இடது தோளுக்கும் நடுவே காறையெலும்பு மேடிட்டிருந்தது.

"ஏம்மா சொல்லல?"

"மொதல்ல நீங்க அவரப் பாத்து முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தனுங்க. அப்புறம் ஃபிலிமு ஒண்ணுதான்னீங்க. அவருக்கு வேல போயிருமுங்களே."

கோவிந்தராஜுலுவின் கைகள் அப்போதுதான் இறங்கின.

டாக்டர் பழைய கடிதத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினார்: மனைவிக்கு எலும்பு முறிவு, எக்ஸ்ரே அவசியம், கணவர் ஒரு வாரம் உடனிருக்க வேண்டும்.

லட்சுமிநாராயணன் அதை இரண்டு முறை படித்தார். உறையைத் தாமே ஒட்டி, மில்லுக்குக் கொண்டுபோகச் சொல்லி வெளியே நின்ற டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் கோவிந்தராஜுலுவின் பக்கம் திரும்பினார்.

"படத்தோட வான்னுதான் சொன்னேன். யாரு படம்னு சொல்லலையே."