வெறும் வயிற்றில் வந்த ஆபீசர்

புதிதாகப் பதவி கிடைத்தவர் கையில் விதிப் புத்தகம் ஒன்றையும் கொடுத்துவிட்டால், சுற்றி இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். நான் அந்த ரகம். நோயியல் படித்து முடித்து, திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு லேப் டைரக்டராக உட்கார்ந்த புதிது. (சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "எந்தப் படம்?" என்று கேட்டார்கள்.)

டைரக்டருக்குப் பட்டமும் அனுபவமும் மட்டும் போதாது. மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா, ஊழியருக்குப் பயிற்சி உண்டா, ரிசல்ட்டை நம்பலாமா, எல்லாவற்றுக்கும் கடைசிப் பொறுப்பு அவர்தான். இதைக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தேன். காரணம், தர அங்கீகாரத்துக்கான ஆய்வு வரவிருந்தது. அதில் தேறாவிட்டால் எங்களுக்கு ரத்த மாதிரி அனுப்பும் பெரிய ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் மதுரைக்கு அனுப்பிவிடும். அப்புறம் ஈ ஓட்டுவதற்கு ஒரு டைரக்டர் எதற்கு? பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆய்வு நாள் காலையில் ரிசப்ஷன் மேரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "வர்ற ஆபீசர்கிட்ட நான்தான் பேசுவேன். நீ வாயத் தொறக்காத. மத்தவுக யாரு வந்தாலும் உக்கார வையி."

ஒன்பது மணிவாக்கில் ஒருவர் படியேறினார். வெள்ளைச் சட்டை, தோல் பை, பாக்கெட்டில் பேனா, நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடி. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. ஆபீசரேதான்! ஓடிப்போய்க் கும்பிட்டேன்.

"வாங்க சார், வாங்க! மொதல்ல மெஷினப் பாத்துரலாமா?"

"பாப்போம்" என்றார்.

என்ன ஒரு கம்பீரம்! பிரிட்ஜைத் திறந்து வெப்பநிலையைக் காட்டினேன். மெஷினின் தினசரிச் சோதனை வரைபடத்தை விரித்து, புள்ளி இந்தக் கோட்டைத் தாண்டினால் எந்த ரிசல்ட்டும் வெளியே போகாது என்றேன். தீயணைப்பான், கண் கழுவும் குழாய், எதையும் விடவில்லை. கண்ணைக் கழுவியே காட்டினேன் (மை கன்னம் வரை வழிந்தது). எல்லாவற்றுக்கும் "ம்" என்று தலையாட்டிக்கொண்டு வந்தவர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தப்பு வந்தா யாரு பொறுப்பு?"

"நான்தான் சார்! எல்லாத்துக்கும் டைரக்டர்தான் பொறுப்பு!"

அதற்குள் என் வீட்டுக்காரர் சேவியர் தூக்குவாளியோடு வந்துவிட்டார். வேலையாக வந்த மனிதரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பினால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனசு கேட்காது. சேவியருக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலை. காலை வேளையில் சீரகச் சம்பா மட்டன் பிரியாணி! லேபுக்குள் சாப்பிடக் கூடாது என்பது விதி. (நானா மீறுவேன்?) அதனால் வெளியே என் ஆபீஸ் அறையில் இலை போட்டேன்.

அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாப்பிடலாமா? ஒண்ணும் ஆகாதே?"

"என் பொறுப்பு சார்!"

அதன் பிறகு மனிதர் தயங்கவேயில்லை. சேவியர் மறுபடி எலும்போடு அள்ளி வைக்கும்போது, விரலைச் சப்பியபடி என்னை வாஞ்சையாகப் பார்த்தார்.

"வெறும் வயித்தோட வரச் சொன்னது இதுக்குத்தானா தாயி? பச்சத்தண்ணி பல்லுல படாம வடமதுரையிலருந்து வாரேன். ஆமா, சக்கரைக்கு ரத்தம் எப்ப எடுப்பீக?"

சேவியரின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

அப்போதுதான் அறை வாசலில் நின்ற அம்மாளைக் கவனித்தேன். கைத்தறிப் புடவை, தோளில் துணிப்பை. பின்னால் மேரி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். "இவங்கதான் ஆபீசராம் மேடம். செத்த நேரம் உக்காருங்கன்னு சொல்லிப்புட்டேன். நீங்கதான வாயத் தொறக்காதன்னீங்க?"

"இவர் பேர் என்ன டாக்டர்?" என்று அந்த நிஜ ஆபீசர் அமைதியாகக் கேட்டார்.

அதை நான் கேட்கவேயில்லை. வருபவர் யாராக இருந்தாலும், வேறெதுவும் செய்யும் முன் பேரையும் வயதையும் அவரையே சொல்ல வைக்க வேண்டும். எங்கள் லேபின் முதல் விதி அது. எழுதிக் கையெழுத்துப் போட்ட மகராசி நான்தான்.

"பெருமாளு. வயசு அம்பத்தெட்டு. தக்காளி மண்டி வச்சிருக்கேன்" என்று அவரே முந்திக்கொண்டார். "இந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லாதீகம்மா. கேக்காமலே அம்புட்டையும் காட்டுச்சு."

ஆபீசரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் மட்டும் குலுங்கியது.

சாயங்காலம் ஆய்வு முடிந்தது. மெஷினில் குறையில்லை, ஊழியரிடம் குறையில்லை. நோயாளியை அடையாளம் காண்பதில் டைரக்டருக்குப் பயிற்சி தேவை என்ற ஒரே குறைதான். பயிற்சி தந்து, திறமையைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பொறுப்பு யாருக்கு? டைரக்டருக்கு! ஆக, எனக்கு நானே வகுப்பெடுத்து, எனக்கு நானே பரீட்சை வைத்தேன். (முதல் தடவை பெயிலாக்கினேன். கண்டிப்பு வேண்டாமா?) ஒருவழியாக அங்கீகாரமும் வந்தது. பெருமாள் அண்ணன் மறுநாள் மறுபடி வெறும் வயிற்றோடு வந்தார். ரத்தத்தை மட்டும் எடுத்து அனுப்பியதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

வீட்டில்தான் எனக்கு இன்னும் விடுதலையில்லை. நான் சோற்றுக் கரண்டியை எடுத்தால் போதும், சேவியர் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொள்கிறார்.

"பேரு சேவியரு. வயசு நாப்பத்திரெண்டு. உன் புருசன். சரியாப் பாத்துட்டுப் போடு தாயி."