சுத்தப்படுத்திய உறையும் கசந்துபோன சீஸும்

லெம்வி,
நவம்பர், மழை விடாத ஞாயிறு

மதிப்பிற்குரிய ப்ரேபன் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் தோர்கில் பணிவுடன் எழுதுவது. இங்கே என் மனைவி டோர்த்தேயும் பசுக்களும் சௌக்கியம். என்னைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. அக்காவின் முழங்கால் வலி தேவலையா? நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். யோசனை சொல்கிறவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை.

ஈஸ்டர் விருந்து ஞாபகம் இருக்கும். பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்கிற எங்கள் மகள் சிக்னே, சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும், நம் பண்ணை சீஸுக்கு ஊற்றும் உறையில் இருக்கிற பாக்டீரியாவின் மரபணுவுக்குள் வைரஸ் குடியிருக்கிறது என்றாள். பாதிரியார் மனைவியின் முள்கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. "அது மனுஷங்கள ஒண்ணும் பண்ணாது, பாக்டீரியாவுக்குள்ள மட்டும்தான் இருக்கும்" என்று சிக்னே சொன்னதை யார் கேட்டார்கள், அந்த அம்மாள் அதற்குள் சீஸை ஒதுக்கிவிட்டு ஊறவைத்த மீனுக்குப் போய்விட்டார். நீங்கள் என் காதோரம், "ஊர் முழுக்கப் பரவறதுக்குள்ள அதச் சுத்தம் பண்ணிடு தோர்கில்" என்றீர்கள். சீஸா, செய்தியா, எது பரவும் என்று நான் கேட்கவில்லை.

மறுநாளே சிக்னேயைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஆராய்ச்சிக்காக அதே பாக்டீரியாவை வைரஸ் நீக்கித் தனியாக வளர்த்து வைத்திருந்தாள். அதைக் கொடு என்றேன். "வேண்டாம்ப்பா. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டுதான் சொல்றேன். வைரஸ எடுத்துட்டா அதோட போக்கே மாறிடுது. சில புரதத்த அளவுக்கு மீறிச் செய்யுது, சிலதச் செய்யறதே இல்ல. சீஸ்ல அது என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது" என்றாள். "புரதம் பால்லயே வேண்டிய அளவு இருக்கு, நீ குடு" என்றேன். கொடுத்தாள். நான் பழைய உறையை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஞாயிறு வழிபாடு முடிந்து தேவாலயத்தில் தரும் காபியின்போது அதை எல்லோருக்கும் அறிவித்தும் விட்டேன், அத்தான்.

முதல் தொட்டிப் பால் உறையவே இல்லை. காலையில் பாலாக இருந்தது சாயங்காலமும் பாலாகவே இருந்தது. சிக்னே ரயிலேறி வந்து பார்த்துவிட்டு, பழைய பாக்டீரியாவிலிருந்து கிளம்பிய வைரஸ்கள் நம் கொட்டகை இடுக்கிலெல்லாம் ஒட்டியிருக்கின்றன, உள்ளே ஒன்று குடியிருந்தவரை அது தன் இனத்தை வெளியிலிருந்து நுழையவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது, இப்போது வாசல் திறந்து கிடக்கிறது என்றாள். நானும் டோர்த்தேயும் இடுப்பொடிய வாரம் முழுக்கத் தேய்த்துக் கழுவினோம். அப்புறம் உறைந்தது, மெதுவாக, வேண்டாவெறுப்பாக. சீஸைப் பழுக்கவைக்கும் அலமாரித் தட்டுகள் நிறைந்தன. கோடை முழுக்க நிம்மதியாகத் தூங்கினேன். அதோடு சரி.

இலையுதிர்காலத்தில் ஒன்றை வெட்டினேன். கசப்பு. ஆஸ்பிரினை மென்ற மாதிரி. டோர்த்தே ஒரு காபி குடித்தாள், இன்னொரு காபி குடித்தாள், பிறகு, "இத மருந்துக்கடைலதான் விக்கணும்" என்றாள். நான் அனுப்பியதைக் கடைக்காரர் அப்படியே திருப்பி அனுப்பினார். யாருக்குப் பயந்து இவ்வளவும் செய்தேனோ அந்தப் பாதிரியார் மனைவியே வாசலுக்கு வந்து, "பழைய மாதிரி ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

சிக்னே ஒரு துண்டைச் சுவைத்துவிட்டு முகத்தைச் சுளிக்கவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது. "வைரஸ் அப்பப்ப முழிச்சுக்கிட்டு சில பாக்டீரியாவ வெடிக்க வைக்கும்ப்பா. உள்ள இருக்கற நொதியெல்லாம் வெளில கொட்டித்தான் கசப்பக் கரைக்கும். வைரஸ் இல்லாத இதுங்க வெடிக்கறது ரொம்பக் கம்மி. நல்ல ஆரோக்கியமா, உள்ள இருக்கறத யாருக்கும் குடுக்காம உக்காந்திருக்கு."

கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். பண்ணையை மூடிவிடலாம் என்றுதான் வாயில் வந்தது. ஆனால், "பழசு உங்கிட்ட இருக்காம்மா?" என்றுதான் கேட்டேன்.

"லேப் ஃப்ரீஸர்ல இருக்கு. நீங்க கேக்கட்டும்னுதான் இருந்தேன்."

"நீயே சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்லி நீங்க எப்பக் கேட்டிருக்கீங்க?"

"சரி, இப்பச் சொல்லு" என்றேன் அத்தான். அன்றைக்கு அவள் தன் வேலையைப் பற்றி மதியச் சாப்பாடு வரைக்கும் பேசினாள். பாதிதான் புரிந்தது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே அந்தப் பாதிதான்.

இப்போது பழைய உறை திரும்பி வந்துவிட்டது. பால் ஒழுங்காக உறைகிறது. சுத்தமான உறையை நேற்றுக் கொதிநீர் ஊற்றித் தீர்த்துக்கட்டினேன். சிக்னேயிடமும், "உன்கிட்ட இருக்கறதயும் கொட்டு, இனிமே அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கசந்த சீஸ் அத்தனையும் நாளைக்குப் பன்றிப் பண்ணைக்குப் போகிறது. விஷயம் முடிந்தது.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் குளிர்காலம் சளியில்லாமல் கழியவும், அடுப்பில் விறகும் மேஜையில் ரொட்டியும் குறையாமல் இருக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
களைத்துப்போன
தோர்கில்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதாததாக நினைத்துக்கொள்ளவும். கடித உறையை ஒட்டப் போகும்போது கோபன்ஹேகனிலிருந்து ஓர் உணவகக்காரர் வந்தார். கசந்த சீஸைக் கறுப்பு பியரோடு தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இருப்பது மொத்தமும் வேண்டுமாம், இனி மாதாமாதமும் வேண்டுமாம், இதே கசப்போடு. டோர்த்தே சரி என்று கைகுலுக்கிவிட்டாள். சிக்னே தன்னிடமிருந்த சுத்தமான உறையைக் கொட்டிவிட்டாளா என்று தெரியவில்லை. டோர்த்தே போனைப் போட்டு என் காதில் வைத்திருக்கிறாள். "சொல்லுங்கப்பா" என்கிறது குரல். நான் இன்னும் உங்களுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறேன்.