லாசரஸின் தலையைத் துரத்திய விளம்பரம்

டிசம்பர் இருபதாம் தேதிக்குள் தலை நிறைய முடியோடு நடமாடுவது என்று லாசரஸ் முடிவு செய்துவிட்டார். யார் சொன்னாலும் கேட்பதாக இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

எல்லாம் ஒரு அழைப்பிதழ் செய்த வேலை. தாம்பரம் கல்லூரியில் எண்பத்து நாலில் பி.காம். முடித்தவர்கள் இருபத்தைந்து வருஷம் கழித்து ஒன்றுகூடுகிறார்கள். அந்தக் காலத்தில் லாசரஸின் தலையில் இருந்ததை வெறும் முடி என்று சொன்னால் அது அவதூறு. அவருக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மூன்று வருஷமும் கரும்பலகையையே பார்த்ததில்லை. அதில் நாலு பேர் அரியர் வைத்தார்கள், இன்னமும் அவர் முடியைத்தான் குறை சொல்கிறார்கள். இப்போது அதே தலையில் காதுக்கு மேலே கொஞ்சம், கழுத்துக்கு மேலே கொஞ்சம். நடுவில் சாயங்கால வெயில் பட்டால் எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள்.

பைபிளில் வரும் லாசரு செத்து நாலாம் நாள் எழுந்து வந்தவர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, செத்துப் பதினைந்து வருஷமான முடியை எழுப்ப முடியாதா என்ன? ஒரு விக் வாங்கினால் முடிந்தது.

முடிந்திருக்கும், அப்பாதுரை மட்டும் இல்லாவிட்டால்.

அப்பாதுரை என்பவர் லாசரஸின் மனைவி அருள்மேரிக்கு அண்ணன். பத்து வருஷமாக விக் வைத்திருப்பவர். பத்து வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் லாசரஸ் இலை முன்னால் உட்கார்ந்த கையோடு, "மச்சான், உங்க தலையில பூனை தூங்குது போலிருக்கே, கொஞ்சம் பால் ஊத்தட்டுமா?" என்று கேட்பார். பந்தியே சிரிக்கும். அப்பாதுரை பிரியாணியைப் பிசைந்துகொண்டே இருப்பார். இந்த நிலைமையில் லாசரஸ் விக் வாங்குவது அருள்மேரிக்குத் தெரிந்தால் அஞ்சாவது நிமிஷம் அண்ணனுக்குப் போன் போகும். அப்புறம் கிறிஸ்துமஸ் என்ற பண்டிகையையே லாசரஸ் மறந்துவிட வேண்டியதுதான்.

ஆகவே ரகசியம். மகள் படிப்புக்கென்று வாங்கிய கம்ப்யூட்டர், அவள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஹாலில் பூப்போட்ட உறையோடு சும்மா கிடந்தது. தினமும் காலை ஐந்து மணிக்கு, அருள்மேரி குளிக்கப் போகும் அந்த இருபது நிமிஷத்தில் லாசரஸ் உறையை உருவுவார். ஒரு பெங்களூர் கம்பெனியின் விக் பக்கத்தைத் திறப்பார். சுருட்டை, நேர்வகிடு, இடதுவகிடு, நரை கலந்தது. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்க்கும். குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் 'ஹிஸ்டரி' என்ற இடத்தில் போய் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். உறையைப் போட்டுவிட்டு ஹிந்து பேப்பரை விரித்துக்கொள்வார். உலகத்திலேயே தன்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை என்று தோன்றும்.

அருள்மேரிக்கும் ஒரு ஆசை இருந்தது, அது ரகசியமில்லை. கேம்ப் ரோடு பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். செம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்துப் பேருக்கு நடுவே பதினோராவது ஆளாக ஒட்டிக்கொண்டு போய் வருபவர். மூன்று வருஷமாக ஒரு ஸ்கூட்டி கேட்கிறார். லாசரஸ் ஒரே பதிலை வைத்திருந்தார்: "எதிர் வீட்ல இருக்கு, பக்கத்து வீட்ல இருக்குன்னா நாமளும் வாங்கணுமா? நமக்குன்னு ஒரு கொள்கை வேணாம்?"

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மாடி வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி முட்டை போடாத கேக் எப்படிச் செய்வது என்று கேட்டு இறங்கி வந்திருந்தார். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு சமையல் பக்கத்தைத் திறந்தார்கள்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

போனார். திரையைப் பார்த்தார். மைதா கால் கிலோ, சர்க்கரை இருநூறு கிராம் என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலை. கண் இமைப்பதற்குள் அதில் முடி முளைத்தது. மறுபடி வழுக்கை. மறுபடி முடி.

"கேக் பக்கத்துல எதுக்குங்க மொட்டைத் தலை?"

"விளம்பரம்மா."

"அது தெரியுது. நேத்து ஸ்கூல் மெயில் பார்த்தேன், அங்கயும் இந்த ஆளுதான். காலைல பைபிள்ல சங்கீதம் படிக்கலாம்னு தொறந்தேன், தாவீது ராஜாவுக்குப் பக்கத்துல இவரு உக்காந்திருக்காரு. நம்ம வீட்டையே ஏன் சுத்தி சுத்தி வர்றாரு?"

லாசரஸின் மூளை எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓடியது. எந்த ஸ்டேஷனிலும் நிற்கவில்லை.

"அது... ஏரியாவை வச்சு வரும் மேரி. ஒரு ஏரியால ஜனங்க எதை ஜாஸ்தி வாங்கறாங்களோ, அந்த விளம்பரம் அந்த ஏரியாவுல இருக்கற எல்லா கம்ப்யூட்டருக்கும் வரும்."

"செம்பாக்கத்துல எல்லாரும் விக்கா வாங்கறாங்க?"

"பின்ன? நம்ம போர் தண்ணி லட்சணம் தெரியாதா? பக்கெட்டே வெள்ளை பூத்துப் போவுது. மண்டை என்ன ஆவும்?"

மாமி கையைத் தட்டினார். "வாஸ்தவம்! மாம்பலத்துல இருந்தவரைக்கும் எங்காத்துக்காரருக்கு முடி எப்படி இருந்தது தெரியுமோ? இங்க வந்தப்புறம் பாதி சீப்புல, பாதி ஜலதாரையில."

"கேட்டியா? மாமியே சொல்றாங்க."

அருள்மேரி கணக்கு டீச்சர். விடையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கும் பழக்கம். "அப்போ, ஊர்ல எல்லாரும் வாங்கறதுதான் வரும்."

"ஆமா."

"நம்ம இந்தக் கம்ப்யூட்டர்ல என்ன பார்க்கறோமோ, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"துளிகூடக் கிடையாது!"

"மாமி, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"காது குளிரக் கேட்டேன்," என்றார் மாமி.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் லாசரஸ் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் யாசீனைப் பிடித்தார். ஒரு நண்பனுக்கு இப்படிப் பிரச்சினை என்று ஆரம்பித்தார். யாசீன் அவர் தலையை ஒரு தடவை பார்த்தான். நண்பன் யார் என்று கேட்கவில்லை. நல்ல பையன்.

"அது குக்கீ சார். நீங்க ஹிஸ்டரிய அழிச்சா போன ரோடுதான் அழியும். கடைக்காரன் உங்களுக்கே தெரியாம சட்டைப் பையில ஒரு சீட்டு சொருகி அனுப்பிச்சிருப்பான். அது உள்ளயே கீது. அடுத்த கடைக்குப் போறீங்க, அங்க இருக்கற விளம்பரக்காரன் சீட்டை எடுத்துப் படிக்கறான். ஓ, இந்த சார் விக் பார்த்தவருன்னு தெரிஞ்சுக்கறான். அவ்ளோதான், போற இடமெல்லாம் பின்னாலயே வருவான்."

"எனக்கில்லப்பா, நண்பனுக்கு."

"நண்பனுக்குதான் சார்."

யாசீன் ஒரு துண்டுக் காகிதத்தில் அழகாக எழுதிக் கொடுத்தான். முதலில் டூல்ஸ், அப்புறம் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அப்புறம் குக்கீ எல்லாவற்றையும் அழி. தலைப்பு வேறு போட்டிருந்தான்: 'விக் விளம்பரம் வீட்டில் வராமல் இருக்க.' லாசரஸ் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தாம்பரம் ரயிலில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குச் சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினார். அழிந்தது! மொட்டைத் தலை போன இடம் தெரியவில்லை. சமையல் பக்கத்தில் ஊறுகாய், சங்கீதத்தில் சங்கீதம் மட்டும். லாசரஸ் ஹாலில் ஒரு சின்ன ஆட்டமே ஆடினார். சீட்டைப் பழையபடி சட்டைப் பையில் போட்டு, சட்டையை அழுக்குக் கூடையில் போட்டார்.

சாயங்காலம் அருள்மேரி மட்டும், "என்னங்க, மெயில் புதுசா பாஸ்வேர்டு கேக்குது? இத்தனை நாள் தானா தொறக்குமே?" என்றார்.

"வைரஸ்," என்றார் லாசரஸ்.

"ஓஹோ," என்றார் அருள்மேரி.

பெங்களூர் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்த விக் அந்த வாரமே கூரியரில் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. இடதுவகிடு, லேசாக நரை. ஆபீஸ் பாத்ரூம் கண்ணாடியில் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். எண்பத்து நாலாம் வருஷத்து லாசரஸ் எதிரே நின்று சிரித்தான். கண் கலங்கிவிட்டது. பைல்களுக்கு அடியில் டிராயரில் வைத்துப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க உட்கார்ந்தவர் திடுக்கிட்டார். ஸ்கோருக்குப் பக்கத்தில் ரோஸ் கலரில் ஒரு ஸ்கூட்டி. ரயில் நேரம் பார்த்தார், நீல ஸ்கூட்டி. மழை வருமா என்று பார்த்தார், மழையில் நனையாமல் ஒரு பெண் ஸ்கூட்டியில் போனாள். ராசிபலனில் மாதத் தவணையில் இரண்டு ஸ்கூட்டி.

ஒரு நிமிஷம்தான். விஷயம் புரிந்ததும் லாசரஸுக்கு வந்த குஷி இருக்கிறதே! திருட்டுத்தனமாக ஸ்கூட்டி பார்க்கிறாளா? இந்த லாசரஸிடமா? இரண்டே தாவலில் அடுக்களைக்குப் போனார். அங்கே மாமி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று, சாட்சியும் இருக்கிறது.

"மேரி! கம்ப்யூட்டர் பூரா ஸ்கூட்டியா வருதே, என்ன சமாச்சாரம்?"

"வருதா?" அருள்மேரி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்போ செம்பாக்கத்துல எல்லாரும் ஸ்கூட்டி வாங்கறாங்கன்னு அர்த்தம்."

"என்னது?"

"ஏரியாவை வச்சுதானே வரும்? நீங்கதானே சொன்னீங்க."

"ஆமாம், நானும் கூட இருந்தேனே," என்றார் மாமி.

"அது வேற, இது வேற! இதெல்லாம் யாரோ உக்காந்து பார்த்திருக்காங்க. பார்த்தாத்தான் வரும்!"

கத்தி நின்றது. "பார்த்தாத்தான் வருமா?"

"ஆமா! நூத்துக்கு நூறு!"

"ஏரியாவுக்கு வராதா?"

"ஏரியாவாவது, மண்ணாவது!"

"சரிங்க. ஒத்துக்கறேன். ஸ்கூட்டி நான்தான் பார்த்தேன், நாலு நாளா பார்த்தேன்." அருள்மேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக நிமிர்ந்தார். "அப்போ இந்த வீட்ல அந்த விக்கை யாரு பார்த்தது?"

மாமி காப்பி டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு லாசரஸின் தலையைப் பார்த்தார். அருள்மேரியும் பார்த்தார். லாசரஸுக்குக் கிறிஸ்துமஸ் இலை தெரிந்தது. எதிர் வரிசையில் அப்பாதுரை தெரிந்தார். பந்தி முழுக்க வாய் விட்டுச் சிரிப்பது தெரிந்தது.

"ஏரியா," என்றார் ஈனஸ்வரத்தில்.

"கேக்கலை."

"ஏரியாவுக்குத்தான் வரும்! எல்லாரும் வாங்கறதுதான் வரும்! நம்ம பார்க்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல!"

"அப்போ செம்பாக்கத்துல ஸ்கூட்டி இல்லாத பொம்பளை நான் ஒருத்திதானா?"

"நேக்கு வயசு அறுபத்திரண்டு, வேண்டாம்," என்றார் மாமி. "உனக்கு வாங்கித்தான் ஆகணும். ஊரே வாங்கறதோன்னோ?"

கொள்கை அந்த இடத்திலேயே உயிரை விட்டது. அடுத்த சனிக்கிழமை தாம்பரம் ஷோரூமில் லாசரஸ் கையெழுத்துப் போட்டார். "ஓட்டக் கத்துக்கவே ஆறு மாசம் ஆகும்," என்று மனதைத் தேற்றிக்கொண்டு முனகினார். "லைசென்ஸ் ஏப்ரல்லயே எடுத்தாச்சு," என்று அருள்மேரி சாவியை வாங்கிக்கொண்டார்.

போகட்டும், ரகசியம் தப்பித்ததே! அந்த ஒரு சந்தோஷத்தில் லாசரஸ் டிசம்பர் இருபது வரை பறந்துகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் புதுச் சட்டை, சென்ட், கக்கத்தில் ஒரு தோல்பை. கல்லூரி கேட்டுக்கு முன்னால் ஒரு மரத்தடியில் ஒதுங்கி மாட்டிக்கொண்டு போவதாகத் திட்டம்.

"நான் ஷேர் ஆட்டோல போய்க்கறேன் மேரி."

"ஸ்கூட்டி எதுக்கு இருக்கு? ஏறுங்க."

ஏறினார். அருள்மேரி சர்ரென்று கிளப்பினார். ஏரிக் கரையோரம் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் சட்டென்று ஓரம் கட்டினார்.

"இங்கயே மாட்டிக்குங்க. காலேஜ் வாசல்ல கண்ணாடி இருக்காது. இங்க ரெண்டு மிரர் இருக்கு."

"எதை மாட்டறது?"

"பையில இருக்கறதை." அருள்மேரி கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். யாசீனின் அழகான கையெழுத்து. தலைப்பு வேறு. "இருபது வருஷமா உங்க சட்டையைத் துவைக்கறேன். பையில என்ன இருக்குன்னு பார்க்காம ஒரு தடவையாவது ஊற வச்சிருக்கேனா?"

லாசரஸ் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"மேரி... அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"சேச்சே. நான் போய் சொல்லுவேனா?"

போன உயிர் திரும்பி வந்தது. ஆண்டவருக்கு நன்றி சொல்லி, பையைத் திறந்து, விக்கை எடுத்து, மிரரைப் பார்த்து மெதுவாகத் தலையில் வைத்தார். ஏரிக் காற்று அதை ஒரு பக்கமாகத் தூக்கியது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்கூட்டில போனா பறக்குமே, எப்படி ஒட்டறதுன்னு மட்டும்தான் அண்ணனைக் கேட்டேன்," என்று அருள்மேரி ஒரு டேப் சுருளை நீட்டினார். "இந்தாங்க, அவரே குடுத்தனுப்பிச்சாரு. கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பாலும் அவரே கொண்டு வர்றாராம்."